புள்ளையத் தனியா உள்ள உடாதீங்க

உக்காருங்க, உக்காருங்க. பைய இப்படி மேல வைங்க, கீழ வச்சா எறும்பு ஏறிரும். புதுசா சேக்க வந்திருக்கீங்களாக்கும்? பாத்தாலே தெரியுதுங்க. மொதல்ல வர்றவங்க அத்தன பேரும் ஸ்கேன் கவரை இப்படித்தான் நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு வருவாங்க. நானும் அப்படித்தான் வந்தன். டாக்டரம்மா உள்ள எல்லாத்தையும் பாத்துப்போட்டு வர நேரமாகுமுங்க. நர்ஸம்மா வந்து கூப்புடுவாங்க. அதுவரைக்கும் இந்தப் புங்கமரத்தடி பெஞ்சுதான் எல்லாத்துக்கும்.

இது உங்க புள்ளைங்களா? என்ன கண்ணு பண்ணுது உனக்கு? தலைவலி, அதான? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, தூக்கமே இருக்காதாட்ட இருக்குது. என்னங்க? தலைவலி இல்லீங்களா? தோல்ல தடிப்பா? சரி, அதுவும் இதுவும் ஒண்ணுதானுங்க, எல்லாம் வவுத்துல இருந்து வர்றதுதான். நீங்க சொன்னதுனால தெரிஞ்சுது. அது வாயத் தொறக்க மாட்டேங்குதே. எம்புள்ளையும் இப்படித்தான். பேசவே மாட்டா. எல்லாத்துக்கும் நான்தான் பேசோணும்.

எம்புள்ள காலைலயே டிஸ்சார்ஜ் ஆயிப் போயிட்டாளுங்க. ஆமாங்க, நல்லாப் போச்சு. நாலு வாய் தின்னா மூணு வாய் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தவ, நடந்து வெளிய போனா. நல்லாப் போச்சுங்க, ஆனா எங்கூட வரலீங்க. ஓசூருக்குப் போயிட்டா. நான் வாடகைக்குக் கார் புடிச்சுக்கிட்டு வந்து நின்னன். காரைத் திருப்பி அனுப்பிப்போட்டு இங்கயே உக்காந்திருக்கறன். டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேக்கோணும். கேக்காம நான் இந்த எடத்தை உட்டு எந்திரிக்க மாட்டன். வாட்ச்மேன் உள்ள உட மாட்டேங்கறான். எங்கியோ இருந்து வந்தவன், என்னைய வெளிய நிக்கச் சொல்றான் பாருங்க.

நீங்க பயப்படாதீங்க. வைத்தியம் நல்ல வைத்தியமுங்க, அதை நான் பொய் சொல்ல மாட்டன். மொதல்ல எனக்கும் ஒண்ணும் புரியலீங்க. இயற்கை மருத்துவம்னாங்க, சரி, ஏதோ தழை, வேரு, கசாயம்னு கொடுப்பாங்கன்னு நெனச்சன். ஒரு மருந்துங் கெடையாது. ஒரு மாத்திரை, ஒரு பொடி, ஒண்ணுங் கெடையாதுங்க. அப்பறம் எதுக்கு ஆஸ்பத்திரின்னு கேட்டன். டாக்டரம்மா சின்ன வயசுதான், ஹேமலதான்னு பேரு, சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, உடம்பு தன்னால சரி பண்ணிக்கும், நாம குறுக்க நிக்காம இருந்தாப் போதும்னு. ஏற்கெனவே டவுன் டாக்டருகிட்ட வாங்கற மாத்திரையை நிறுத்தவும் உட மாட்டாங்க. இதை நம்பி அதை உடாதீங்க, எங்களால எல்லாத்தையும் தீக்க முடியாதுன்னு அவங்களே சொல்லிப்போடறாங்க. அந்த மட்டுக்கும் யோக்கியந்தான்.

காலைல எழுப்பி மூச்சுப் பயிற்சி குடுப்பாங்க. அப்பறம் வவுத்து மேல ஈரமண்ணைத் துணியில மடிச்சுப் பட்டி போடுவாங்க. ஜில்லுனு இருக்கும், மொத நாளு உங்க புள்ள கத்தும், நீங்க பதறாதீங்க. எனிமா குடுப்பாங்க. தொட்டித் தண்ணியில இடுப்பளவுக்கு உக்கார வைப்பாங்க. தோல் சீக்குன்னா வாழை எலைக் குளியல் இருக்குது. ஆளை மொட்டை மாடியில படுக்க வச்சு, தலைவாழை எலையாச் சுத்திக் கயித்துல கட்டி வெயில்ல போட்டுருவாங்க. நான் மொத தடவை பாத்தப்ப ஆரையோ கட்டிப் போட்டிருக்கறாங்கன்னு கத்தப் போயிட்டன். எலைக்குள்ள இருந்த பொம்பள, ஒண்ணுமில்லீங்க்கா, சொகமா இருக்குதுங்கறா. உப்பு கெடையாது, புளி கெடையாது, காப்பி, டீ கண்ணுலயே காட்ட மாட்டாங்க. தலை வலிக்கும். எரிச்சல் வரும். அதெல்லாம் பொறுத்துக்கோணும். ஒடனே ஆகாதுங்க, மெல்லத்தான் ஆகும்.

ஆனா ஒண்ணு சொல்றன், கேட்டுக்கங்க. அதைச் சொல்லத்தான் வர்றவங்களையெல்லாம் புடிச்சு உக்கார வச்சுக்கிட்டு இருக்கறன். புள்ளையத் தனியா உள்ள உடாதீங்க. மண்ணு போடட்டும், தண்ணி ஊத்தட்டும். அந்தப் பேசற ரூமுக்கு மட்டும் தனியா உட்டுராதீங்க.

மொத நாளு ரொம்ப நேரம் பேசுவாங்க. வேற ஆஸ்பத்திரில நாக்கை நீட்டச் சொல்லிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்புட்டுருவாங்கல்ல, இங்க அப்படி இல்ல. என்ன சாப்புடுவ, எப்பத் தூங்குவ, வெளிய எப்படிப் போகுது, மனசுல என்ன கவலை, ஊட்டுல ஆரு ஆரு, சின்னதுல எப்படி இருந்த, எல்லாம் கேப்பாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க அது. இப்படிக் கேக்கறதுக்கு ஒருத்தரு இல்லையேன்னுதான எனக்கு ஏக்கம். எல்லாத்துக்கும் நான்தான் சொன்னன். எம்புள்ள பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. டாக்டரம்மா அவளைப் பாத்துத்தான் கேக்கறாங்க, தாரணி, உனக்கு என்ன பண்ணுதுன்னு. அவளுக்கு என்னங்க சொல்லத் தெரியும்? நான் சொன்னன். எப்பத் தூங்கறாள்னு கேட்டாங்க. அவ பொரள்றது எனக்குத்தான தெரியும், நான் சொன்னன். கவலை ஏதாச்சும் இருக்குதான்னாங்க. எம்புள்ளைக்கு ஒரு கவலையும் வச்சதில்லீங்கன்னு நான் சொன்னன். என்ன சாப்பாடு புடிக்கும்னாங்க. அரிசிம்பருப்பு சாதம்னா உசுரை உட்டுருவாங்கன்னு சொன்னன். நல்லாப் பூண்டு தட்டிப் போட்டு, நெய்யை மேல ஊத்தி, சுடச்சுட. அந்தம்மா அவளையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவ தரையப் பாத்துக்கிட்டு இருந்தா.

அவங்கப்பா தவறிப்போனப்ப அவளுக்கு அப்பா மூஞ்சி நெனவுல நிக்கற வயசு கூட இல்லீங்க. நம்பியூர்ப் பக்கம் எங்க தோட்டம். ரெண்டு மாடு, கொஞ்சம் மஞ்சள், அதை வச்சு ஒத்தையா வளத்துனன். பள்ளிக்கூடம் முடிஞ்சு வந்தா அந்த அரிசிம்பருப்பைப் பெசஞ்சு நான் ஊட்டி உட்டாத்தான் உண்டு. காலேசு போறப்பவும் ஊட்டித்தான் உட்டன். சிரிக்காதீங்க. எனக்கு வேற ஆரு இருக்கறா?

கலியாணம் நல்லாத்தான் பண்ணுனன். மாப்பிள்ளை நவநீதன், ஓசூர்ல கம்பெனி வேலை. வாயில்லாப் பூச்சிங்க அவரு. நல்லவரு, ஆனா சாமர்த்தியம் பத்தாது. கலியாணம் ஆன கொஞ்ச நாள்ல இவளுக்கு வாந்தி. நாங்க மாசமா இருக்கறாளாக்கும்னு சந்தோசப்பட்டம். அது இல்லைன்னு ஆயிப்போச்சு. வாந்தி மட்டும் நிக்கல. ஓசூர்த் தண்ணி சேரலன்னு நான் போயிக் கூட்டிக்கிட்டு வந்துட்டன். உடம்பு தேறட்டும், அப்பறம் போகலாம்னு சொன்னன். அவரு வாரத்துக்கு ஒருக்கா வந்து பாத்துப்போட்டுப் போவாரு. நான் பக்கத்துலயே உக்காந்து, தட்டுல இருக்கறது தீர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டன். அப்படிப் பாத்தும் எளைச்சுக்கிட்டே போனா. வளையல் முழங்கை வரைக்கும் ஏறும். கோயமுத்தூர்ல கொழாய் உட்டுப் பாத்தாங்க, ஸ்கேன் பாத்தாங்க. ஒண்ணுமே இல்லைங்கறாங்க. ஒண்ணுமே இல்லாம ஒரு புள்ள எலும்புந் தோலுமா ஆகுமுங்களா? நான் அழுகாத நாளு இல்லீங்க.

இங்க சேத்துன ஒடனே, முழுப்பட்டினி இவ உடம்பு தாங்காது, கொஞ்ச நாளைக்குப் பழச்சாறும் வெள்ளைப் பூசணிச் சாறும் எளநியும் மட்டும் போதும்னாங்க. கூட இருக்கறவங்க பாக்கற நேரத்துக்கு மட்டும் வந்தாப் போதும்னும் சொல்லிப்போட்டாங்க. நான் பக்கத்து ஊர்ல ஒறம்பரை ஊட்டுல, எங்க சொந்தக்காரங்கதான், தங்கிக்கிட்டன். நீங்களே சொல்லுங்க, எலும்புந் தோலுமா இருக்கறவளுக்குச் சாறு குடுத்தா ஆகுமுங்களா? எனக்கு அங்க சோறு எறங்கல. ஆனா வாந்தி நின்னுபோச்சுன்னாங்க. வவுத்துல ஒண்ணும் இல்லாதப்ப என்னத்த வாந்தி எடுப்பா? இது ஒரு குணமான்னு நெனச்சன்.

அதுக்கப்பறம் மெல்ல மெல்ல பப்பாளி, வெள்ளரி, கஞ்சின்னு ஆரம்பிக்கப் போறம்னு சொன்ன அன்னிக்கு, நான் ஒறம்பரை ஊட்டு அடுப்புல அரிசிம்பருப்பு ஆக்குனன். நெய் எச்சாவே ஊத்துனன். தூக்குப்போசியில போட்டு, மேல துவைச்ச துணிய மடிச்சு வச்சுக்கிட்டு உள்ள போயிட்டன். அவ கட்டில்ல உக்காந்திருந்தா. மூஞ்சி தெளிவா இருந்துச்சு, அதைச் சொல்லோணும். கதவைச் சாத்திப்போட்டுத் தூக்குப்போசியத் தொறந்தன். வாசம் அப்படி வந்துச்சு. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க. நான் உருட்டி உருட்டிக் குடுக்க, ஒவ்வொரு வாயா வாங்கிக்கிட்டா. கண்ணுல தண்ணி வந்துச்சு. அம்மா கையால சாப்புட்டு எத்தன நாளாச்சு, சந்தோசத்துல வருதுன்னு நெனச்சன். போசியத் தொடச்சு வழிச்சு ஊட்டிப்போட்டுத்தான் வந்தன்.

பொழுதோட போன் வந்துச்சு. வாந்தி எடுத்து எடுத்து மயங்கி உழுந்துட்டாளாம். நாடி எறங்கிப்போச்சாம். ஆம்புலன்சு வச்சு டவுன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டுப் போயி டிரிப்ஸ் ஏத்துனாங்க. நான் போயிப் பாத்தப்ப ஒதடெல்லாம் வெளுத்து, மூடின கண்ணு தொறக்காமக் கெடந்தா. அங்கயே தரையில உக்காந்துட்டனுங்க. செத்துப்போயிருவாளோன்னு எனக்குப் பயமாப் போச்சு. அந்தப் பயம் இன்னும் இந்த நெஞ்சுல இருக்குதுங்க. பட்டினி போட்டுப் போட்டுத்தான் அப்படி ஆக்கிப்போட்டாங்க. கொடலைக் காயப் போட்டா சோறு எப்படித் தாங்கும்? ஆனா பழி என்ற மேல. டாக்டரம்மா கத்தல, அது அவங்க வழக்கமில்ல. வெறும் வவுத்துக்கு மெல்ல மெல்லத்தான் குடுக்கோணும், இதை உங்ககிட்ட முன்னாலயே சொன்னனேன்னு மட்டும் கேட்டாங்க. சொன்னாங்கதான். வெளி ஆளுங்க சாப்பாடுதான ஆகாது, பெத்தவ சாப்பாடுமாங்க?

அவ தேறி இங்க திரும்பி வந்த ஒடனே, அந்தப் பேசற ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. நானும் எந்திரிச்சன். நீங்க உக்காருங்கன்னு கதவைச் சாத்திட்டாங்க. என்ற மூஞ்சிக்கு நேரா. வெளிய ஸ்டூல்ல உக்காந்திருந்தன். மொதல்ல சத்தமே இல்ல. ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. தூங்கிப்போயிட்டாங்களோன்னு கூட நெனச்சன். அப்பறம் பேச்சு கேட்டுச்சு. ஆரோ பேசறாங்க, பேசறாங்க, நிறுத்தாமப் பேசறாங்க. நடுவுல அழுகை, அப்பறம் மறுபடியும் பேச்சு. உள்ள வேற ஆரோ ஒரு பொம்பள இருக்கறாளாட்ட இருக்குதுன்னுதான் நெனச்சனுங்க. கொஞ்ச நேரங் கழிச்சுத்தான் புரிஞ்சுது, அது தாரணி கொரலுன்னு. எம்புள்ளைக்கு அவ்வளவு பேச வரும்னு எனக்குத் தெரியாதுங்க.

அப்பறம் என்னையக் கூப்புட்டாங்க. நான் உக்கார்றதுக்கு முன்னாலயே அவ சொல்லிப்போட்டா.

"அம்மா, அரிசிம்பருப்பு எனக்குப் புடிக்காது. சின்னதுல இருந்தே புடிக்காது."

நான் சிரிச்சுட்டனுங்க. வேற என்ன பண்றது? பொய்யி. பெத்து வளத்த எனக்குத் தெரியாதா? ஒரு நாளைக்காச்சும் வேண்டாம்னு சொல்லியிருப்பாளா? கேட்டன். கேட்டதுக்குச் சொல்றா, "வேண்டாம்னு சொன்னா நீ சாப்புடாமப் படுத்துக்குவ" அப்படீன்னு. புள்ள சாப்புடலீன்னா தாய்க்கு எப்படிங்க எறங்கும்? இது ஒரு குத்தமா? அப்பறம் சொன்னா, உடம்பு சரியான ஒடனே அவரு கூட ஓசூருக்குப் போறன்னு. டாக்டரம்மா கம்முனு உக்காந்திருந்தாங்க. எல்லாத்தையும் அந்தம்மாதான் சொல்லிக் குடுத்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்.

அதோட என்னைய உள்ள உடறதை நிறுத்திட்டாங்க. எப்பவாச்சும் இந்த பெஞ்சுல வச்சுப் பாத்துக்கலாம், சாப்பாடு மட்டும் கொண்டாரக் கூடாது. அந்த வேலிக்கு அக்கட்டால சாப்புடற எடம் தெரியும் பாருங்க. ஒரு நாளு சீக்கிரமா வந்துட்டன். செம்பருத்திச் செடி சந்துல பாத்தன். தாரணி உக்காந்திருக்கறா. தட்டுல வெள்ளரிக்கா, தேங்கா, ஏதோ மொளை கட்டுன பயிறு. உப்பில்லாத சாப்பாடுங்க, மாடு கூட மோந்து பாக்காது. ஒவ்வொண்ணா எடுத்து மெல்லத் தின்னுக்கிட்டு, பக்கத்துல இருக்கற பொம்பளகிட்டச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கறா. ஆரும் ஊட்டல. ஆரும் பக்கத்துல நின்னு பாக்கல. தட்டைக் காலி பண்ணிப்போட்டு எந்திரிச்சுப் போயி இன்னொரு தேங்காத் துண்டு வாங்கிக்கிட்டு வந்தா. எனக்கு அழுகையா வந்துச்சுங்க. சந்தோசந்தான், அது இல்லைன்னு சொல்ல மாட்டன். ஆனா வவுறு எரிஞ்சுது. இத்தன வருசம் என்ற கையால ஒரு வாய் அப்படித் தின்னதில்லையே அவ.

இன்னிக்குக் காலைல மாப்பிள்ளை வந்திருந்தாரு. ரெண்டு பேரும் பையத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தாங்க. நான் கார் கதவைத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னன். நேரா எங்கிட்ட வந்தா. கையப் புடிச்சா. வளையல் இப்ப மணிக்கட்டுலயே நிக்குதுங்க. போயிட்டுப் போன் பண்றம்மான்னா. நான் கேட்டன், போறவளை நிறுத்தி வச்சுக் கேட்டன். அந்தம்மா உங்கிட்ட அப்படி என்னதான் கேட்டாங்க, சொல்லு, அதையாச்சும் சொல்லிப்போட்டுப் போன்னு.

"ஒண்ணுமே கேக்கலம்மா. நான் பேசற வரைக்கும் கம்முனு உக்காந்திருந்தாங்க" அப்படீங்கறா.

கம்முனு உக்காந்திருக்கறது ஒரு வைத்தியமுங்களா? நீங்களே சொல்லுங்க. அதைத்தான் நான் அந்தம்மாகிட்டக் கேக்கோணும். கம்முனு உக்காந்து உக்காந்தே எம்புள்ளைய எங்கிட்ட இருந்து பிரிச்சுப்போட்டாங்க. பஸ் ஸ்டாப் இங்கிருந்து தெரியும். பஸ் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னன். ஏறுறப்பத் திரும்புவான்னு நெனச்சன். அவரு திரும்பிப் பாத்தாரு. அவ பாக்கலீங்க.

இதா, இந்தத் தூக்குப்போசிங்களா? அதேதான். கார்ல போறப்பப் பசிக்குமேன்னு ஆக்கிக்கிட்டு வந்தன். சும்மா சொல்லியிருப்பா, வாசம் வந்தா மனசு மாறும்னு நெனச்சன். ஆறிப்போச்சு. நீ ஒரு வாய் சாப்புடறயா கண்ணு? சாப்புடுமுங்களா? ஆங், ரொம்பப் புடிக்குமா? நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இரு கண்ணு, தொறக்கறன். ஏன் உங்கம்மாவை அப்படிப் பாக்கற? புடிக்கும்னுதான சொல்றாங்க.

என்னங்க, கம்முனு ஆயிட்டீங்க? சாப்புட வேண்டாங்களா? சரி, சரி, வைத்தியத்துக்கு வந்த எடத்துல வேண்டாம்னா வேண்டாம். நான் எடுத்து வச்சுக்கறன்.

அதா, நர்ஸம்மா வந்துட்டாங்க. உங்களைத்தான் கூப்புடறாங்க. எந்திரிங்க. கவரை எடுத்துக்கங்க. எப்ப ஆரம்பிச்சுது, எங்க எங்க தடிப்பு, என்ன தின்னா எச்சாகுது, எல்லாம் நீங்களே சொல்லிப்போடுங்க. அதுக்கு வாய் வராது. ஏனுங்க, எந்திரிக்கலீங்களா? கவரை அதுங்கையில குடுத்துப்போட்டீங்க? ஐயோ, இத்தன நேரம் நான் சொன்னது ஒண்ணும் காதுல உழுகலீங்களா? கூடப் போங்க, கதவைச் சாத்திருவாங்க.

போயிருச்சுங்க. சரி, உக்காருங்க, நான் என்ன பண்றது. எந்நேரம் ஆகுமோ.

உங்க புள்ள அந்தக் கதவுகிட்ட நின்னு உங்களைத் திரும்பிப் பாக்குது பாருங்க. சிரிக்குதுங்க.